ஒரே சக்கரத்தில் ஒரு பிரேக் பேடு தீர்ந்து, இன்னொன்று அப்படியே இருந்தால்

போன ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை. ரவுண்டானாவில் பிரேக் மிதித்தபோது இடது முன் சக்கரத்தில் இரும்பை இரும்பு அறுக்கிற சத்தம். நியாயமாக அதற்கு மூன்று வாரம் முன்பே கீச்சென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. மழைத் தூசி என்று நினைத்து விட்டுவிட்டேன். அன்று சாயங்காலமே வீட்டு முன்னால் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேடால் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரைத் திறந்து பார்த்தேன். வெளிப்பக்கப் பேடில், உரசித் தேய்கிற லைனிங் 7 மி.மீ. இருக்கிறது. உள்பக்கப் பேடில் லைனிங்கே இல்லை. லைனிங்கைத் தாங்கும் இரும்புப் பின்தகடு டிஸ்க்கில் உரசி உரசி, கழுவி வைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி பளபளக்கிறது. அந்தப் பேடு போட்டு ஓடியது 9,000 கி.மீ. தான்.

அதற்கு முந்தின செட்டு 13,000 ஓடியது. இரண்டு தடவையும் ஒரே ஒர்க்‌ஷாப். இரண்டு தடவையும் ஒரே பதில்: "பேடு முடிஞ்சிருச்சு சார், மாத்தியாச்சு." பழைய பேடைக் கேட்டேன். "அத எதுக்கு சார் கேக்கீங்க, குப்பைல போட்டாச்சே."

அந்தக் குப்பையில்தான் விஷயமே இருந்தது.

நான் கார் மெக்கானிக் இல்லை. துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பில் பிட்டர். கிரேன் பிரேக்கில் டிரம்முக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஷூ நிற்கும். பிரேக்கை விடுவிக்கும் டிரஸ்டர் தூக்கினால் இரண்டும் சமமாக விலக வேண்டும். ஒன்று தாராளமாக விலகி, மற்றது உரசிக்கொண்டே நின்றால், உரசுகிற லைனிங் மட்டும் தேயும். அப்போது நாங்கள் லைனிங் செய்தவனைத் திட்டுவதில்லை, இடைவெளியைப் பார்ப்போம். இருபது வருஷமாக இதையே செய்கிறவன், சொந்தக் காருக்கு இரண்டு தடவை பேடை மாற்றிவிட்டுச் சும்மா இருந்திருக்கிறேன்.

கார் ஒன்பது வருஷத்து ஹேட்ச்பேக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஊர் தூத்துக்குடி. பகல் முழுக்க வெட்டவெளியில் கடல் காற்றில் நிற்கும். வீட்டுக்குத் திரும்பும் வழியில் உப்பளம். சைக்கிள் செயின் ஒரு மழைக்குச் சிவந்துபோகிற இடம் இது. உங்கள் ஊரில் உப்புக் காற்று இல்லாவிட்டாலும் சேறும் வாட்டர் சர்வீஸும் அதே வேலையைச் செய்யும், கொஞ்சம் மெதுவாக.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். சின்னக் கார்களில் பெரும்பாலும் இருப்பது மிதக்கும் கேலிப்பர். அதில் பிஸ்டன் உள்பக்கத்தில் மட்டும்தான். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் பிஸ்டன் உள்பேடை டிஸ்க்கில் தள்ளும். டிஸ்க் நகராது. அதனால் கேலிப்பரின் உடம்பே எதிர்த்திசையில் நகர்ந்து, விரல் மடக்கி இழுப்பதுபோல் வெளிப்பேடை இழுத்து டிஸ்க்கோடு சேர்க்கும். அந்த நகர்வுக்காகத்தான் இரண்டு கைடு பின், அதாவது கேலிப்பர் வழுக்கி ஓடும் இரும்புத் தண்டு. காலை எடுத்ததும் பேடை விலக்கப் பெரிய ஸ்பிரிங் ஏதும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும், குறுக்குவெட்டில் சதுரமான ரப்பர் வளையம், அதாவது சீல், மிதிக்கும்போது பிஸ்டனோடு வளைந்து, விட்டதும் நிமிரும். அந்த நிமிர்வில் பிஸ்டன் ஒரு மயிரிழை பின்வாங்கும். அந்த மயிரிழைதான் எல்லாம். அதை எது தடுத்தாலும் ஏதோ ஒரு பேடு நாள் முழுக்க டிஸ்க்கோடு ஒட்டியே ஓடும்.

கழற்றுவதற்கு முன்

சக்கரத்தைத் தொடுவதற்கு முன்னால் காரை ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். முடிந்தவரை பிரேக் மிதிக்காமல், கியரிலேயே வேகத்தைக் குறைத்து. வந்ததும் இரண்டு முன் சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கம் வெதுவெதுப்பு, மறு பக்கம் அடுப்புச் சூடு என்றால், சூடான பக்கம் பேடு விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. என்னிடம் வேலைக்கு வைத்திருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தது. அதில் இடது டிஸ்க் வலதைவிட 70 டிகிரி கூடக் காட்டியது. கருவி இல்லாவிட்டால் புறங்கை போதும்.

அடுத்து, கார் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கவனியுங்கள். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பிரேக்கே மிதிக்காமல் கார் இடது பக்கம் சாய்ந்தால் இடது பிரேக் ஒட்டியிருக்கலாம். ஆனால் மிதிக்கும்போது மட்டும் இடது பக்கம் இழுத்து, இடது பேடு இரண்டும் சீக்கிரம் தேய்ந்திருந்தால், கோளாறு வலது பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். வலது கேலிப்பர் வேலை செய்யாமல் சும்மா இருக்கிறது, இடது ஒன்றே இரண்டு பேர் பாடும் படுகிறது. தேய்ந்தவன் நோயாளி என்று நினைத்து அவனுக்கே வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்போம்.

இனி தூக்கலாம். சமதரை, பின் சக்கரத்துக்கு முட்டு, ஹேண்ட் பிரேக். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். ஸ்டாண்டு இல்லாவிட்டால் இந்த வேலையே வேண்டாம். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது. கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்து பாடிக்கு அடியில் தள்ளிவிடுங்கள், ஒருவேளை சரிந்தால் அது தாங்கும்.

பழைய பேடு சொல்லும் கதை

கேலிப்பரின் கீழ் போல்ட்டை எடுத்து மேல்பக்கமாகத் தூக்கினால் பேடு வெளியே வரும். சில கார்களில் இரண்டு போல்ட்டையும் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் கேலிப்பரை, அதற்கு பிரேக் ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸில் தொங்கவிடாமல், கட்டுக் கம்பி போட்டு சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பேடை எடுத்த கையோடு பின்தகட்டில் மார்க்கரால் எழுதுங்கள்: இடது உள், இடது வெளி. எந்த முனை மேலே இருந்தது என்று ஒரு அம்புக்குறி. எல்லாம் கலந்துபோன பிறகு யோசித்துப் பயனில்லை.

தூசியை வாயால் ஊதாதீர்கள், கம்ப்ரஸர் காற்றும் அடிக்காதீர்கள். அது நுரையீரலுக்கு நல்லதில்லை. பிரேக் கிளீனர் ஸ்பிரே, இல்லாவிட்டால் ஈரத்துணி.

வெர்னியர் இருந்தால் ஒவ்வொரு பேடிலும் லைனிங்கை மட்டும், பின்தகட்டைச் சேர்க்காமல், இரண்டு முனையிலும் அளந்து எழுதுங்கள். சின்னக் காரில் புதிய பேடு ஏறக்குறைய 10 மி.மீ. இருக்கும். 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றுவது என் வழக்கம். உள்ளுக்கும் வெளிக்கும் 1 மி.மீ. வித்தியாசத்துக்கெல்லாம் தூக்கம் கெட வேண்டாம். 2 மி.மீ. தாண்டினால் காரணம் தேட வேண்டும்.

உள்பேடு மட்டும் தேய்ந்திருந்தால் சந்தேகம் இரண்டு. பிஸ்டன் பின்வாங்காமல் உள்பேடை அழுத்திக்கொண்டே இருக்கலாம். அல்லது கைடு பின் இறுகி, கேலிப்பர் நகர முடியாமல், வெளிப்பேடுக்கு வேலையே கொடுக்காமல் இருக்கலாம். வெளிப்பேடு மட்டும் தேய்ந்திருந்தால், கேலிப்பர் நகர்ந்து வந்து பிடித்துவிட்டுத் திரும்பிப் போக முடியாமல் நிற்கிறது. கைடு பின்னையும், வெளிப்பேடின் காது (இரண்டு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) அது உட்காரும் பிராக்கெட்டில் சிக்கியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே பேடு மேல் முனையில் 6, கீழ் முனையில் 3 என்று ஆப்பு மாதிரி தேய்ந்திருந்தால், பெரும்பாலும் இரண்டு பின்னில் ஒன்று ஓடுகிறது, ஒன்று ஓடவில்லை. கேலிப்பர் ஒற்றைக் காலில் திரும்புகிறது. டிஸ்க் சுழன்று உள்ளே நுழைகிற முனை அரை மில்லி, ஒரு மில்லி கூடத் தேய்வது மட்டும் இயல்பு. ஒரு சக்கரத்தில் இரண்டு பேடும் சமமாக, ஆனால் மறுபக்கத்தைவிட ரொம்ப அதிகமாகத் தேய்ந்திருந்தால் ஹோஸ் மேல் கண் போக வேண்டும். அதற்குத் தனியாக வருகிறேன். நான்கும் சமமாகத் தேய்ந்து, ஆனால் எல்லாமே சீக்கிரம் தீர்ந்தால் பின் டிரம்மைப் பாருங்கள். பின்னால் அட்ஜஸ்ட்மென்ட் விட்டுப்போயிருந்தால் பாரமெல்லாம் முன்னால்தான்.

என்னுடையதில் உள்பேடு தீர்ந்திருந்தது. மிச்சமிருந்த வெளிப்பேடும் மேலே 7, கீழே 8. ஆக, கீழ் பின் மேல் சந்தேகம்.

கீழ் பின்

மேல் பின்னை விரலால் தள்ளினேன், போய் வந்தது. கீழ் பின் அசையவில்லை. ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் முனகிக்கொண்டு சுற்றியது, வெளியே வர மனமில்லை. பத்து நிமிஷம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி இழுத்ததில், பாட்டில் மூடி திறக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு வந்தது. பின்னின் பாதி உடம்பு செம்மண் நிறம். மறு பாதியில் பழைய கிரீஸ், தார் மாதிரி இறுகி, நகத்தால் சுரண்டினால் சிம்பு சிம்பாக வருகிறது. நுனியில் மாட்டியிருந்த ரப்பர் புஷ் ராத்திரி முழுக்க ஊறின கொண்டைக்கடலை மாதிரி ஊதிப்போயிருந்தது.

உப்புக் காற்று பாதிக் காரணம்தான். மீதிப் பாதி அந்த கிரீஸ். யாரோ புண்ணியவான் பேரிங்குக்குப் போடும் சாதாரண மஞ்சள் கிரீஸை வைத்திருக்கிறார். பிரேக்கில் உள்ள ரப்பருக்கு மினரல் ஆயில் ஆகாது, பட்டால் ஊதும். ஊதிய புஷ் துளையை அடைத்துக்கொள்ளும், பின் நகராது. பின்னுக்கு வேண்டியது சிலிகான் கிரீஸ், அல்லது பிரேக் ரப்பருக்கு ஆகும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிற சிந்தடிக் கிரீஸ். துரு விடட்டும் என்று டபிள்யூடி-40 அடிக்கிறவர்களும் உண்டு. பின்னைக் கழற்றுவதற்கு அடித்தால் சரி, அதன்பிறகு எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, ரப்பரைப் புதிதாகப் போட வேண்டும். அதையே கிரீஸ் என்று நினைத்து விட்டுவிட்டால் ஒரு மாதத்தில் மறுபடி இதே நிலைமை.

சுத்தம் செய்யும் முறை: பின் வழவழப்பாக இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்தால் போதும். துருவில் குழி விழுந்திருந்தால் புதிய பின் வாங்குங்கள். எனக்கு இரண்டு பின், பின்னை மூடும் ரப்பர் உறையான பூட் நான்கு, புஷ் எல்லாம் சேர்ந்த கிட்டு 300 ரூபாய்க்குள் முடிந்தது. பிராக்கெட் துளைக்குள் பழைய கிரீஸ் அடியில் உறைந்து கிடக்கும். பிரேக் கிளீனர் அடித்து, பாட்டில் கழுவும் மெல்லிய பிரஷ் ஒன்றை விட்டுத் திருப்பி எடுங்கள். பிரஷ் சுத்தமாக வெளியே வரும்வரை விடக்கூடாது.

கிரீஸ் போடும்போது இரண்டு தப்பு நடக்கும். நான் இரண்டையும் செய்தேன். முதலாவது, கைதாராளம். துளை நிறைய அப்பினால் பின் உள்ளே போகும்போது காற்று அடைபட்டு, ஊசி மருந்து ஏற்றுகிற சிரிஞ்சு மாதிரி வெளியே தள்ளும். பின்னில் மெல்லிசாகப் பூசினால் போதும். உள்ளே தள்ளிவிட்டு பூட்டின் உதட்டை விரல் நகத்தால் ஒருமுறை விலக்கினால் உள்ளே அடைபட்ட காற்று போய்விடும். இரண்டாவது, பின்னை மாற்றிப் போட்டது. ரப்பர் புஷ் இருக்கும் பின்னும் இல்லாத பின்னும் இடம் மாறக்கூடாது. எது மேலே, எது கீழே என்பது காருக்குக் கார் வேறு. நான் மாற்றிப் போட்டுவிட்டு இரண்டு நாள் குண்டும் குழியுமான ரோட்டில் தட்தட் என்று ஒரு சத்தம் கேட்டு, சஸ்பென்ஷன் போய்விட்டதோ என்று பயந்துகொண்டிருந்தேன். கழற்றும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்திருந்தால் அந்த இரண்டு நாள் மிச்சம்.

கைடு பின் சரியானதும் பிராக்கெட்டுக்கு வாருங்கள். பேடின் காது உட்காரும் இடத்தில் மெல்லிய ஸ்டீல் கிளிப் இருக்கும். அதைக் கழற்றிப் பார்க்கிறவர்கள் குறைவு, கழற்றினால் திருப்பி மாட்டுகிறவர்கள் அதைவிடக் குறைவு. கிளிப்புக்கு அடியில் பிராக்கெட் துருப்பிடித்து உப்பும். துரு உப்ப உப்ப கிளிப் மேலெழும்பும், பேடுக்கான தடம் குறுகும், பேடு இறுகும். ஒயர் பிரஷ் போட்டு வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, புதிய கிளிப் மாட்டி, பேடை வைத்துப் பாருங்கள். விரலால் தள்ளினால் நகர வேண்டும். சுத்தியலால் தட்டி ஏற்றுகிற பேடு, திரும்பி வராத பேடு. சில பேடில் காதுமேல் பெயின்ட் தடிப்பாக இருக்கும். அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். காது உட்காரும் இடத்தில் சூடு தாங்கும் பிரேக் பேஸ்ட் மெல்லிசாகத் தடவலாம். லைனிங்கிலும் டிஸ்க்கிலும் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது.

பிஸ்டன்

பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும். வெளியே வந்த பகுதியைப் பாதுகாப்பது சுற்றியுள்ள ரப்பர் பூட் ஒன்றுதான். பூட் கிழிந்தால் ஈரமும் உப்பும் நேரே பிஸ்டன் உடம்பில். பிறகு புதிய பேடு போடுகிறவர் சி-கிளாம்ப் வைத்து பிஸ்டனை உள்ளே அமுக்குவார். துருப்பிடித்த அந்தப் பகுதி சீலை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். புதுப் பேடு போட்ட மறுவாரமே பிரேக் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆகவே அமுக்குவதற்கு முன்னால் பூட்டைப் பாருங்கள். கிழிசல், ஈரம், பிரேக் ஆயில் கசிவு எதுவும் இல்லை, பிஸ்டனும் பளிச்சென்று இருக்கிறது என்றால் அமுக்கலாம். கேலிப்பரில் ஆயிலையும் காற்றையும் வெளியேற்றத் திறக்கும் பிளீடர் நிப்பிளில் ஒரு டியூப் மாட்டி, நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, பழைய ஆயில் டியூப் வழியாகப் பாட்டிலுக்குப் போகும்படி அமுக்கினால் கேலிப்பரில் தங்கிய அழுக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பக்கம் திரும்பிப் போகாது. அமுக்கி முடிந்ததும் முதலில் நிப்பிளை மூடுங்கள், பிறகு கிளாம்பை எடுங்கள். கை அளவு பலத்தில் பிஸ்டன் ஒரே சீராகப் போக வேண்டும். நின்று நின்று போனாலோ, போகவே மறுத்தாலோ கேலிப்பரைப் பிரித்து சீல் கிட்டு போட வேண்டும். பிஸ்டனில் குழி விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இதை நானே செய்வேன், ஆனால் முதல்முறை செய்கிறவருக்குச் சொல்ல மாட்டேன். காற்றடித்து பிஸ்டனை வெளியே எடுக்கும்போது எதிரே மரக்கட்டை வைக்காமல் விரலை வைத்தவர்களின் விரலை நான் பார்த்திருக்கிறேன்.

பின்னாலும் டிஸ்க் உள்ள கார் என்றால் ஒரு எச்சரிக்கை. ஹேண்ட் பிரேக்கும் அதே கேலிப்பரில் இருந்தால் பிஸ்டனை அமுக்கக்கூடாது, பல வண்டிகளில் திருகித்தான் உள்ளே ஏற்ற வேண்டும். சுவிட்ச் போட்டுப் பிடிக்கும் எலெக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் என்றால் சர்வீஸ் மோடில் வைக்காமல் தொடவே வேண்டாம்.

அத்தானின் ஹோஸ்

என் கார் சரியான செய்தி பாளையங்கோட்டை வரை போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு அத்தான் போன் செய்தார். "மாப்ளே, வலது பக்கச் சக்கரம் கொதிக்கு. பின்னெல்லாம் நல்லா ஓடுது, கிரீஸும் நீ சொன்னதுதான் போட்டேன். ஆனா விட மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். வலது பக்கம் உள்ளும் வெளியும் சமமாக 3 மி.மீ., இடது பக்கம் இரண்டும் 7. சக்கரத்தைத் தூக்கி, நியூட்ரலில் வைத்து, அத்தானை உட்கார வைத்து நாலு மிதி மிதித்து விடச் சொன்னேன். கையால் சுற்றினால் சக்கரம் நகரவே இல்லை. லேசான உரசல் சத்தத்தோடு சுற்றினால் சரி. இது பூட்டுப் போட்ட மாதிரி. கேலிப்பர் பிளீடரைக் கால் சுற்றுத் திறந்தேன். ஆயில் ஒரு பீய்ச்சு பீய்ச்சி அடங்கியது, சக்கரம் சுற்றியது.

இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும். பிளீடரைத் திறந்ததும் சக்கரம் விட்டுவிட்டால் உள்ளே அழுத்தம் சிக்கியிருக்கிறது. பின்னையும் பிராக்கெட்டையும் நோண்டிப் பயனில்லை. திறந்தும் விடாவிட்டால் கோளாறு இரும்பில்தான்: பின், காது, பிஸ்டன். அழுத்தம் சிக்கியது எங்கே என்று அறிய, மறுபடி மிதித்து விட்டு, இந்த முறை ஹோஸின் மேல் முனையில், இரும்புக் குழாயோடு சேரும் நட்டை லேசாகத் தளர்த்திப் பாருங்கள். அங்கே தளர்த்தியதும் சக்கரம் விட்டால் தடை அதற்கும் மேலே, பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம். அங்கே விடாமல் பிளீடரில் மட்டும் விட்டால் தடை ஹோஸுக்குள். அத்தானுடையது ஹோஸ். வெளியே ஒரு வெடிப்பு இல்லை, புதுசு மாதிரி இருந்தது. உள்ளே ரப்பர் ஊதி வழியை அடைத்திருந்தது. மிதிக்கிற காலின் பலத்துக்கு ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வர அந்த பலம் கிடையாது. ஹோஸை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றினோம். ஒரே வயசு, ஒன்று போனால் மற்றதும் வரிசையில்தான் நிற்கிறது.

இரண்டு முன் சக்கரமும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டால் ஹோஸைத் தேடாதீர்கள். பெடலில் கொஞ்சம்கூட ஆட்டம் இல்லாமல் மாஸ்டர் சிலிண்டர் எப்போதும் அழுந்தியே இருக்கலாம். அல்லது யாராவது பிரேக் ஆயில் டப்பாவில் என்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஊற்றியிருக்கலாம். அப்படியானால் சீல், ஹோஸ் என்று ரப்பர் உள்ளதெல்லாம் போச்சு, செலவு பெரிசு.

டிஸ்க், திரும்ப மாட்டுதல்

டிஸ்க்கின் ஓரத்திலோ நடுவிலோ குறைந்தபட்ச தடிமன் பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் லேத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், மாற்றுங்கள். உள்பக்கத்தையும் பாருங்கள், வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும், உள்பக்கம் உழவு போட்ட வயல் மாதிரி இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது, இரண்டு டிஸ்க்கும் மாற்ற வேண்டியதாயிற்று. 300 ரூபாய் கிட்டில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

பேடு மாற்றினால் அச்சுக்கு இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்மானச் சத்தம் கொடுக்கும் தகடு உள்ள பேடு பெரும்பாலும் உள்பக்கத்துக்கு. பெட்டியில் உள்ள படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேலிப்பர் போல்ட்டை, முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முறுக்குங்கள். என் காருக்கு மேனுவலில் உள்ளது 26 நியூட்டன் மீட்டர், அதாவது நாம் நினைப்பதைவிடக் குறைவு. நீளக் கைப்பிடி போட்டு ஏறி மிதித்தால் பின்னின் மரை போய்விடும். உங்கள் வண்டிக்கான எண் உங்கள் மேனுவலில்.

பிரேக் ஆயில் டப்பாவில் டாட் 3 அல்லது டாட் 4 என்று ஆயிலின் தரம் மூடியிலேயே இருக்கும், அதையே ஊற்றுங்கள். டாட் 5 சிலிகான், அது வேறு ஜாதி, கலக்கக்கூடாது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 155 டிகிரிக்கு வந்துவிடும். உள்ளே துருவும் அந்த ஈரத்தால்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவேன். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், உரித்துவிடும்.

பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, என் வீட்டில் பெடல் மிதிப்பது மகள்தான். பத்தாம் வகுப்பு. நான் கீழே படுத்துக்கொண்டு "மிதி" என்பேன். மிதித்து "பிடிச்சிருக்கேன்ப்பா" என்பாள். நான் நிப்பிளைத் திறப்பேன், டியூபில் குமிழி வரும், மூடிவிட்டு "விடு" என்பேன். அவள் சொல்வதற்கு முன்னால் நான் திறக்கக்கூடாது, நான் சொல்வதற்கு முன்னால் அவள் விடக்கூடாது. நடுவில் அவளுக்குப் போன் வந்து காலை எடுத்துவிட்டாள். காற்று திரும்ப உள்ளே போய், முதலிலிருந்து. டப்பாவில் ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கேலிப்பரை மட்டும் திறந்து, டப்பாவும் காலியாகாமல் இருந்தால், அந்தச் சக்கரத்தில் ஏர் எடுத்தாலே பொதுவாகப் போதும்.

சக்கரம் மாட்டி இறக்கியதும் என்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பெடலை மிதியுங்கள். அமுக்கி வைத்த பிஸ்டன் பேடைத் தொட நாலைந்து மிதி பிடிக்கும். முதல் மிதியில் பெடல் தரைக்கே போகும். இதை மறந்து கேட்டில் முட்டிய ஆட்களை எனக்குத் தெரியும், அதில் ஒருவர் பிட்டர்.

புதுப் பேடை டிஸ்க்கோடு பழக்க வேண்டும். ஆளில்லாத ரோட்டில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10க்கு நிதானமாகக் குறையுங்கள், முழுதாக நிறுத்தாமல். அரை நிமிஷம் ஓட்டி ஆறவிட்டு மறுபடி. எட்டுப் பத்து தடவை. அதன்பிறகு சில கிலோமீட்டர் பிரேக் தொடாமல் ஓட்டி வீட்டுக்கு வாருங்கள். சூட்டோடு நிறுத்தி பிரேக்கை மிதித்துக்கொண்டே நிற்காதீர்கள். அதேபோல, கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கி வந்த கையோடு வாட்டர் சர்வீஸ் கடையில் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கொதிக்கிற டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் பட்டால் கோணிக்கொள்ளும், அப்புறம் பெடல் நடுங்குது என்று வருவார்கள்.

1,000 கி.மீ. கழித்து மறுபடி சக்கரத்தைக் கழற்றி அளந்தேன். இடது உள் 9.5, வெளி 9.5. வலது உள் 9.5, வெளி 9. வலது பக்கம் மேல் பின் கொஞ்சம் கனமாக ஓடுகிறது. கிட்டு வாங்கி வைத்திருக்கிறேன், மகளுக்குப் பரீட்சை முடியட்டும்.